புது வீட்டுக்குப் பத்து வருட வரிச் சலுகை: மதுரைக்கு எந்த வழி சரிப்படும்?

ஃபிலடெல்பியாவில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு புது வீடு வாங்கியிருக்கிறான். 2021-ல் அனுமதி வாங்கிக் கட்டிய வீடு, கட்டடத்துக்குப் பத்து வருடம் சொத்து வரி கிடையாதாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் இதைப் போட்டதுதான் தாமதம், திருநகரில் தளம் போட்டுக்கொண்டிருக்கும் மாமாவிலிருந்து ஆனையூரில் மனை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மைத்துனர் வரைக்கும் எல்லோரும் "நம்ம மாநகராட்சி இதைச் செஞ்சா என்னவாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரிச் சலுகை கொடுப்பதற்கு நாலைந்து வழி உண்டு, ஒவ்வொரு வழியிலும் பணம் போய்ச் சேரும் கை வேறு. அமெரிக்காவிலேயே நகர மன்றங்கள் இதை மறுபடி மறுபடி எடுத்துப் பேசித் திருத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் நம் நாட்டில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மதுரைக்கு எது ஒத்துவரும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

முதலில் அந்தப் பத்து வருடக் கதை. ஃபிலடெல்பியாவில் 1950-ல் 20 லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்தது, 2000-ல் 15 லட்சத்துச் சொச்சம். ஆலைகள் மூடி, ஆட்கள் புறநகருக்குப் போய், கட்டடங்கள் காலியாகக் கிடந்த காலம். யாராவது வந்து கட்டினால் போதும் என்ற நிலையில் 1997-ல் பழைய கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுபவர்களுக்குச் சலுகை கொடுத்தார்கள், 2000-ல் புதிதாகக் கட்டும் எல்லாவற்றுக்கும் நீட்டினார்கள். மனைக்கு வரி உண்டு, அதன்மேல் எழுப்பிய கட்டடத்துக்குப் பத்து வருடம் இல்லை. கட்டுமானம் பெருகியது உண்மை. கூடவே சண்டையும் வந்தது, ஏனென்றால் அந்த ஊரில் சொத்து வரியில் சுமார் 55 சதவீதம் பள்ளிகளுக்குப் போகிறது. பெரிய மாடிவீடு வாங்கியவர் வரி கட்டாமல் இருக்க, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லை என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2019 டிசம்பரில் நகர மன்றம் அதை வெட்டியது. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு முதல் வருடம் முழுச் சலுகை, அடுத்த வருடம் 90 சதவீதம், அப்புறம் 80 என்று வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் குறைந்து முடிந்துவிடும். நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன்னால் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும் என்று 2021-ல் அனுமதிக்கு ஒரே நெரிசல். சித்தி மகனின் வீடு அந்த நெரிசலில் வந்ததுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம், இந்த விஷயத்தில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

அங்கே வரி வீட்டின் சந்தை மதிப்பில் விழுகிறது, வருடத்துக்கு 1.4 சதவீதத்துக்கு ஒட்டி. ஒரு பேச்சுக்கு 4 லட்சம் டாலர் வீடு, அதில் கட்டடத்தின் பங்கு 3.2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு மட்டும் வருடம் 4,480 டாலர் வரி வரும். பத்து வருடச் சலுகை என்றால் ஏறக்குறைய 44,800 டாலர், அதாவது வீட்டு விலையில் 11 சதவீதம். படிப்படியாகக் குறையும் புதுத் திட்டத்திலேயே ஐந்தரை வருட வரி மிச்சம், 24,600 டாலர் கிட்டத்தட்ட. இந்த அளவு பணம் ஒருவரை "சரி, கட்டலாம்" என்று முடிவெடுக்க வைக்கும்.

நம் ஊரில் வரி வீட்டு விலையில் விழுவதில்லை. எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, என்ன பயன்பாடு என்று பார்த்து, ஆண்டு வாடகை மதிப்பு என்ற ஒன்றைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு மனையோடு சேர்த்து 60 லட்சம் பெறும் வீட்டுக்கு அரையாண்டுக்கு 3,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். பத்து வருடத்துக்கு மொத்தம் 60,000. வீட்டு விலையில் 1 சதவீதம்! அதே ஆள் 30 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள மனையைக் கிரயம் பண்ணும்போது முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2,70,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்கிறார். அதற்கே அசராதவர் அரையாண்டுக்கு 3,000 மிச்சமாகும் என்பதற்காகவா அஸ்திவாரம் தோண்டப் போகிறார்? அந்தப் பணத்துக்குச் சிமெண்ட் மூட்டை எத்தனை வரும் என்று எந்தக் கொத்தனாரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

ஆகவே பத்து வருட முழுச் சலுகை மதுரைக்கு வந்தால் கூடுதலாக ஒரு வீடு எழும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படியும் கட்டப் போகிறவருக்கு ஒரு சின்னப் பரிசு, அவ்வளவுதான். அதுவும் அடுக்குமாடி என்றால் அந்தப் பரிசு வாங்குகிறவர் கைக்கு வருமா என்பதே சந்தேகம். ரிங் ரோட்டிலும் நத்தம் சாலையிலும் வரிசையாக நிற்கும் விளம்பரப் பலகைகளில் "பத்து வருடம் வரி இல்லை" என்று ஒரு வரி கூடும், விலையில் அதற்கேற்ப ஏதோ கூடும். இன்னொன்றும் இருக்கிறது. சுருங்கிக்கொண்டிருந்த ஊருக்குக் கண்டுபிடித்த மருந்து அது. மதுரை சுருங்கவில்லை. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 2011-ல் 72 வார்டு 100 வார்டு ஆனது. கட்டுங்கள் கட்டுங்கள் என்று இங்கே யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

சலுகையால் போவது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 3,000 என்பது அற்பமாகத் தெரிந்தாலும் மாநகராட்சிக்குச் சொத்து வரிதான் தன் கையால் சம்பாதிக்கும் பெரிய காசு. அதோடு சேர்ந்து வசூலாகும் நூலக வரியும் அடிவாங்கும், புது நத்தம் சாலையில் 2023-ல் பெரிய நூலகம் திறந்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு நூலகங்களுக்குப் போகும் காசில் கை வைப்பது நன்றாகவா இருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் டெல்லியிலிருந்து வந்தது. 2021 முதல் 2026 வரைக்குமான மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, நகராட்சி மாநகராட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரி வசூல் மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2022-ல் நம் எல்லோர் வரியும் ஏறியதற்கு அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. வசூல் வளர்வது இரண்டு வழியில்தான்: பழைய வீட்டுக்கு வரியை ஏற்று, அல்லது புது வீடுகளைக் கணக்கில் கொண்டு வா. புது வீட்டைப் பத்து வருடம் விட்டுவிட்டால் மிச்சமிருப்பது ஒரே வழி. சிம்மக்கல்லில் தாத்தா காலத்து வீட்டில் இருப்பவர் அதைக் கட்டுவார்.

அவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். 2022 உயர்வில் மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். கூட்டுக்குடும்பமாக இருந்து பாகம் பிரிக்காமல் கிடக்கும் 2,000 சதுர அடிப் பழைய வீட்டுக்கு வரி இரட்டிப்பு. எதிரில் புதிதாக எழும்பிய மூன்று மாடிக்கு வரியே இல்லை என்றால் அந்தத் தெருவில் என்ன பேச்சு நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படிப்படியாகக் குறையும் சலுகை முழுச் சலுகையைவிட மேல், மறுக்கவில்லை. திடீரென்று பதினோராவது வருடம் முழு வரி வந்து மண்டையில் இறங்காது. ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லையே, சின்னத் தொகையின் பாதி இன்னும் சின்னத் தொகை.

நியூயார்க் வழி வேறு. சும்மா சலுகை கிடையாது, கட்டும் வீடுகளில் ஒரு பங்கை வசதி குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கு, அப்போதுதான் வரி தள்ளுபடி என்று போகப் போக நிபந்தனை சேர்த்தார்கள். 421-ஏ என்று பெயர், 1971-ல் தொடங்கியது, கடைசி வடிவத்தில் 35 வருடம் வரைகூடத் தள்ளுபடி கிடைத்தது. கேட்க அருமை. ஆனால் 'வசதி குறைந்தவர்' யார் என்பதை வரையறுக்கும் இடத்தில் ஓட்டை. அந்த வட்டாரத்தின் நடு வருமானத்தைவிட 30 சதவீதம் அதிகம் சம்பாதிப்பவருக்கான வீடும் சில பிரிவுகளில் அந்தக் கணக்கில் சேர்ந்தது. மன்ஹாட்டனில் 10 கோடி டாலருக்கு விற்ற வீடு இருந்த கோபுரத்துக்கும் சலுகை போனது. வருடத்துக்கு 170 கோடி டாலருக்கு மேல் நகரத்துக்கு வரவேண்டியது வராமல், 2022 ஜூனில் திட்டத்தைக் காலாவதியாக விட்டார்கள், 2024-ல் 485-எக்ஸ் என்று வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. வாடகைக்கென்றே நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டும் பெரிய நிறுவனங்கள் இருக்கிற ஊரில் இதற்குப் பொருள் உண்டு. மதுரையில் வாடகை வீடு என்றால் கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு போர்ஷன். மாடி போர்ஷனில் குடியிருப்பவர் சம்பளச் சான்றிதழை வருடா வருடம் யார் சரிபார்ப்பது?

இங்கேதான் மதுரைக்காரர்கள் யாரும் மறக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரியைக் குறைத்துப் பதிவு செய்ததாகக் குற்றச்சாட்டு வந்து, கைதுகள் நடந்து, 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவியும் விலகினார்கள். வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். எந்தச் சலுகையை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு ஆள் நேரில் வந்து பார்த்து "இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை" என்று சொல்ல வேண்டிய இடம் அதில் எத்தனை இருக்கிறது? ஒவ்வொரு இடத்திலும் ஒரு விலை முளைக்கும். நியூயார்க் நிபந்தனைகளை மதுரைக்குக் கொண்டு வந்தால் நாலு வருடத்தில் அதற்கென்று தனி புரோக்கர்கள் இருப்பார்கள்.

அந்தச் சோதனையில் நன்றாகத் தேறுவது மும்பை வழிதான். 2022 ஜனவரியிலிருந்து 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு அங்கே சொத்து வரி இல்லை, புதுசோ பழசோ பார்ப்பதில்லை. சுமார் 16 லட்சம் வீடுகளுக்கு அந்தச் சலுகை என்றார்கள். கேரளத்தில் 2023-ல் 60 சதுர மீட்டர் வரையிலான சொந்த வீட்டுக்கு, ஒருவருக்கு ஒரு வீடு என்ற கணக்கில், விலக்கு கொடுத்தார்கள், அடுக்குமாடிக்குக் கிடையாது. சதுர அடி என்பது வரைபடத்தில் இருக்கிற எண், பேரம் பேசும் இடம் குறைவு. செல்லூரிலும் ஜெய்ஹிந்த்புரத்திலும் ஒன்றே முக்கால் சென்டில் வீடு கட்டியிருப்பவருக்கு இது நேரடியாகப் போய்ச் சேரும். புது வீட்டுக்காரருக்கும் பழைய வீட்டுக்காரருக்கும் நடுவில் சண்டை மூட்டாது. குறை என்னவென்றால் இது புது வீடு கட்டுவதற்கான ஊக்கம் இல்லை, ஏழைக்கான நிவாரணம், அப்படியே வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கலாம். இன்னொரு குறை, 1,400 சதுர அடி வீட்டை மூன்றாகப் பிரித்து மூன்று பேர் பெயரில் தனித்தனி வரி விதிப்பு வாங்குகிற சாமர்த்தியசாலிகள். மனைக்கு ஒன்று என்று வைத்தால் அதில் பாதி அடைபடும். மும்பை பெரிய பணக்கார மாநகராட்சி, தாங்கும். மதுரை தாங்குமா என்பது கேள்விதான், அதனால் முழு விலக்குக்குப் பதில் பாதி என்று தொடங்கலாம்.

கடைசியாக அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். அங்கே கொடுத்துக்கொண்டிருந்த சலுகையில் பெரும்பங்கு வசதியான பகுதிகளுக்கே போகிறது என்று விமர்சனம் எழுந்து, 2023-ல் நகர மன்றம் ஊரை மூன்று வகையாகப் பிரித்தது. முதலீடு வராத பகுதிக்கு அதிகச் சலுகை, ஏற்கெனவே செழிப்பாக இருக்கும் பகுதிக்குக் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் மதுரையில் அதன் எல்லைக் கோட்டை வேறு மாதிரி போட வேண்டும். மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் அதில் சேர்த்துப் பயனில்லை, மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது, சலுகை கொடுத்தாலும் அங்கே வீடு வராது, லாட்ஜும் கடையும்தான் வரும். கோடு போட வேண்டியது 2011-ல் சேர்ந்த வார்டுகளில். அங்கே வீடு கட்டுபவரின் குறை வரி அதிகம் என்பது இல்லை. மாநகராட்சி வரி கட்டுகிறார், ஆனால் பாதாளச் சாக்கடை தெருவுக்கு வரவில்லை, செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும், தண்ணீருக்கும் பல தெருக்களில் லாரிதான். லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நாளைக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டு வரும் திட்டத்தில் குழாய் பதித்து, தோண்டிய சாலையை மூடி, மறுபடி தோண்டி என்று ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நான் கை தூக்குவது இப்படி ஒரு வழிக்கு: பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெருக்களில் எல்லா வீட்டுக்கும், புதுசு பழசு பார்க்காமல், சொத்து வரியில் ஒரு பங்கு தள்ளுபடி, இணைப்பு வந்த அரையாண்டிலிருந்து அது தானாக நின்றுவிட வேண்டும். தெருப் பட்டியலை மாநகராட்சி இணையதளத்தில் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் பில் கலெக்டர் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் இருப்பது அந்தத் தெருக்களில்தான் என்பதால் அவர்களுக்கும் பயன் போய்விடும். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு அம்சம், வேலையை இழுத்தடித்தால் நஷ்டம் மாநகராட்சிக்கு. இப்போது இழுத்தடித்தால் நஷ்டம் லாரிக்குக் காசு கொடுக்கிற நமக்கு மட்டும்.

இதற்கு வரும் நல்ல எதிர்வாதம் ஒன்று உண்டு. சாக்கடை போடுவதற்கே பணம் இல்லை, அந்த வார்டுகளிலேயே வரியைக் குறைத்தால் எங்கிருந்து போடுவது? நியாயமான கேள்வி. இவ்வளவு பெரிய குழாய் வேலைகள் வார்டு வரியில் நடப்பதில்லை, மத்திய மாநிலத் திட்டப் பணத்திலும் கடனிலும்தான் நடக்கின்றன என்பது என் பதில், ஆனாலும் தள்ளுபடியைக் கால்வாசிக்கு மேல் வைக்கக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிதிக்குழு நிபந்தனை போல ஒன்று இருந்தால் இதிலும் இடிக்கும், பத்து வருட முழுச் சலுகை அளவுக்கு இல்லை.

புது வீட்டுக்காரருக்குத் தனியாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் வரியைத் தொடாமல் செய்ய முடியும். கட்டி முடித்துக் கையில் காசு வற்றிய நேரத்தில்தான் குடிநீர் இணைப்புக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வைப்புத்தொகை, சாலை வெட்டுக் கட்டணம் என்று மொத்தமாக வந்து நிற்கிறது. அதை இரண்டு வருடத் தவணையாக்கி, சொத்து வரியோடு சேர்த்து அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். மாநகராட்சிக்கு ஒரு ரூபாய் குறையாது, தாமதம் மட்டும்தான். 2,500 சதுர அடி வரையிலான மனையில் வீடு கட்ட 2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கொண்டு வந்தார்களே, பத்து வருட வரிச் சலுகையைவிட அதுதான் கட்டுபவருக்கு உதவியது என்று பொறியாளர் நண்பர் ஒருவர் சொல்கிறார். நம்புகிறேன். அனுமதிக்காக ஆறு மாதம் இழுத்தால் வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்து எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டவர் யாரும் அவர் சொல்வதை மறுக்க மாட்டார்.

சொத்து வரிச் சட்டமும் விதிகளும் மாநில அரசின் கையில் இருக்கின்றன, அதனால் சதுர அடி விலக்கோ சாக்கடை இல்லாத தெருவுக்குத் தள்ளுபடியோ மாமன்றத்தில் தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய சங்கதி, வருடக்கணக்கில் ஆகலாம். வைப்புத்தொகைத் தவணை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் பத்து வருடச் சலுகையை விட்டுவிட்டு அதை முதலில் கேளுங்கள். அப்புறம், அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், இப்போதே கழிவு உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள், அதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை.